பட்டினி அக்காவும் மலை ஆஸ்டரும்

செடிகளை அன்பு காட்டி வளர்த்தவர்கள் கோடிப் பேர். செடிகளைப் பட்டினி போட்டு, அதுவும் கொள்கையோடு, ஞாயிற்றுக்கிழமைகளில்கூட இளகாமல் பட்டினி போட்டு வளர்த்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். சுவிட்சர்லாந்தின் கூர் நகரத்தில், ரைன் ஆற்றுக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் எங்கள் தோட்டச் சங்கம் இருக்கிறது. அதன் பதினேழாம் இலக்கக் குத்தகைத் துண்டு அவருடையது. எங்கள் தமிழ் ஆட்களுக்கு அவர் பட்டினி அக்கா.

அக்காவின் தொழிலையும் சொன்னால்தான் இந்தப் பெயரின் அருமை விளங்கும். அவர் சமையல்காரி. ஒரு முதியோர் இல்லத்தில் நாள்தோறும் எண்பது பேருக்குச் சமைப்பவர். அவருடைய வீட்டுக்குப் போய் மூன்றாம் தரம் சோறு வாங்காமல் எழும்பிய ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஒருமுறை நான் "போதும்" என்று சாப்பாட்டுக் கோப்பையின் மேல் கையை விரித்தேன். கையின் மேலேயே குழம்பை ஊற்றினார். அதே மனிசி ஒரு செடிக்கு ஒரு பிடி எரு வைக்கமாட்டார்.

வயதுப்படி அவர் எனக்கு அன்ரி. ஊரே அக்கா என்றதால் நானும் அக்கா என்றேன். நான் மண் பரிசோதனைக் கூடமொன்றில் வேலை செய்கிறேன். எதையும் பட்டியல் போட்டுத்தான் எனக்குச் செய்ய வரும். தோட்டச் சங்கத்தில் நான்தான் குறிப்பாளர். ஒரு பொதுக்கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்துக்கொண்டிருக்க, நான் மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன். அதைக் கண்டு அன்றைக்கே தெரிவு செய்துவிட்டார்கள்.

அக்காவுக்கு அந்தத் துண்டு கிடைத்தது ஓர் ஏப்ரல் மாதத்தில். அவருக்கு முன் அதை வைத்திருந்த சுவிஸ் முதியவர் முப்பது வருடம் கூட்டெரு போட்டு மண்ணை வளர்த்திருந்தார். கறுத்த, மெத்தென்ற, வெட்டினால் கேக் போல நிற்கும் மண். பதினாறாம் துண்டுக்காரர் செல்வம் அண்ணை பூசணிக்காய்க்குப் பேர் போனவர். வேலியின் மேலால் அந்த மண்ணைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியே விட்டது.

"அக்கா, உங்களுக்கு லொத்தர் விழுந்திருக்கு. இதிலை செருப்பை நட்டாலும் காய்க்கும்."

"வேணுமெண்டால் அள்ளிக்கொண்டு போ, செல்வம்."

"எவ்வளவு அக்கா?"

"முழுக்க."

செல்வம் அண்ணை பகிடி என்று நினைத்தார். அக்கா மண்வெட்டியால் ஒரு கோடு கீறி, முழங்கால் ஆழத்துக்குத் தோண்டத் தொடங்கிய பிறகுதான் அவருக்குப் பயம் பிடித்தது. இந்த விசர் தெளிவதற்குள் அள்ளிவிட வேண்டும் என்று வாளி, தள்ளுவண்டி, பிள்ளையின் பழைய தள்ளுநாற்காலி எல்லாவற்றோடும் வந்தார். இரண்டு நாளில் பதினேழாம் துண்டு கிணறு வெட்ட ஆரம்பித்துக் கைவிட்ட இடம் மாதிரி ஆகிவிட்டது. அந்த வருடம் செல்வம் அண்ணையின் பூசணிக்காய் ஒன்றைத் தூக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள்.

பள்ளத்துக்குள் அக்கா கல் போட்டார். கட்டட வேலை செய்யும் எங்கள் பெடியள் இருவரைப் பிடித்து, மிஞ்சிய சுண்ணாம்புக் கல் துண்டுகளையும் சரளையையும் கேட்டு வாங்கினார். சுமைக்கு ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸ் என்று பேச்சு. ஒவ்வொரு சுமை வரும்போதும் கொஞ்சக் கற்களைக் கோப்பையில் எடுத்து வைத்து, மேலே வினாகிரி ஊற்றி, காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்பார். நுரைத்துச் சீறினால் சுண்ணாம்பு உண்டு, இறக்கலாம். சத்தமில்லாவிட்டால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. ஆறு மாதிரிகளை எடுத்துப்போய் எங்கள் கூடத்தில் முறைப்படி சோதித்தேன். அமிலத்தன்மை, சுண்ணாம்பின் அளவு, பொசுபேற்று, தண்ணீர் வடியும் வேகம் எல்லாம் இரண்டு பக்கத்தில் அழகாக அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்தேன். அக்கா சமையலறைக் கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

"அப்ப என்ன சொல்லுது பிள்ளை, உன்ரை மெசின்?"

"சுண்ணாம்பு இருக்கு எண்டு சொல்லுது அக்கா."

"வினாகிரியும் அதைத்தானே சொன்னது."

இனி நட்டது. அக்கா நட்டவை மூன்றும் இந்த நாட்டு மலைச்சரிவுகளில் தாமாக முளைக்கும் ஆஸ்டர்கள், சாமந்திக் குடும்பத்துப் பூச்செடிகள். வருடா வருடம் பிழைத்துத் தழைப்பவை. முன் வரிசையில் சாண் உயரம்கூட இல்லாத ஆல்ப்ஸ் ஆஸ்டர், அது கோடையின் தொடக்கத்தில் பூத்து முடித்துவிடும். பின்னால், ஊசி இலையும் இதழே இல்லாத மஞ்சள் பூவும் கொண்ட ஒன்று. நடுவில் மலை ஆஸ்டர். ஊதா இதழ், மஞ்சள் கண், முழங்கால் உயரம், கோடை முடியும் நேரத்தில் பூக்கும். அக்காவின் உயிர் அதில்தான் இருந்தது. காட்டில் பிடுங்கத் தடை. ஆகவே காட்டுச்செடிச் சந்தையில், சின்னச் சட்டிகளில் வாங்கினார். இலையுதிர் காலத்தில் நட்டால் வேர் ஊன்றமுதல் குளிரும் ஈரமும் தின்றுவிடும் என்று வசந்தத்திலேயே நட்டார். வேர் பிடிக்கும்வரை அளந்து தண்ணீர் விட்டார். பிறகு பூவாளியைக் கொட்டிலுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

பத்தொன்பதாம் துண்டுக்காரி ராணி அன்ரிக்கு நெஞ்சு பதைத்தது. மீன் கழுவிய தண்ணீரை வீணாக ஊற்றுவதைப் பாவமென்று நினைக்கும் குடும்பம் அவருடையது.

"இதென்ன தோட்டமோ, மறியல்சாலை முற்றமோ? செடியளைப் பட்டினி போட்டுக் கொல்லப் போறா."

அன்றைக்குப் பிறந்ததுதான் அந்தப் பட்டப்பெயர்.

ராணி அன்ரி அதோடு விடவில்லை. தோட்டக் கடையில் ஆளுயர அமெரிக்க ஆஸ்டர் ஒன்று வாங்கிவந்து அன்பளிப்பாக நீட்டினார். அக்கா இரண்டடி பின்னால் போனார்.

"வேண்டாம் ராணி. அது வேரோடி ஆத்தங்கரை முழுக்கப் பிடிச்சுப்போடும்."

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து செல்வம் அண்ணை விட்டார் பாருங்கள் ஒரு நக்கல். "அக்கா, நாங்கள் எல்லாம் அகதியா வந்து குந்தியிருக்கிறம். பூ மட்டும் உங்களுக்குச் சுதேசியோ?"

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான் வந்து முப்பது வருசம். ஒருத்தற்றை துண்டையும் மூடி வளரேல்லை. உன்ரை பூசணிக்கொடி மூண்டு தரம் என்ரை வேலி தாண்டிட்டுது."

ஏன் இந்தப் பூ என்று நான் ஒருநாள் நேரடியாகவே கேட்டேன். காரணம் தெரியாத விஷயம் என் பட்டியலில் வெற்றிடமாகக் கிடந்து என்னை உறுத்தும். அக்கா வேலை முடிந்து நேரே வந்திருந்தார். உடுப்பில் வெங்காய மணம்.

"எண்பது பேருக்குச் சமைக்கிறன். ஒராளுக்கு உப்பு வேணும், ஒராளுக்கு உப்புக் கூடாது, ஒராளுக்கு அரைச்சுக் குடுக்கோணும், ஒராள் நேற்றையான் சூப்பை இண்டைக்குக் கேப்பார். வீட்டை போனால் மனுசன் கேப்பார், பிள்ளையள் போனிலை கேப்பினம். இது ஒண்டும் கேக்காது பிள்ளை. எனக்கெண்டு இந்த ஊரிலை, ஒண்டும் கேக்காத இடம் இது ஒண்டுதான்."

அதற்குப் பிறகு அந்தக் கல் முற்றத்தைப் பார்த்து நான் சிரித்ததில்லை.

முதல் வருடம் செடிக்கு நாலைந்து பூ. குளிர் காலம் வந்ததும் மற்ற முப்பத்தொன்பது துண்டுக்காரர்களும் தத்தம் செடிகளை வெட்டி, மண்ணைச் சீவி, கத்தரித்த தலைமுடி மாதிரி ஒழுங்காக்கினார்கள். அக்கா மட்டும் காய்ந்த தண்டுகளை அப்படியே விட்டார். சின்னப் பூச்சிகள் அதற்குள் உறங்குமாம், குருவிகள் விதை தின்னுமாம், அடிக்குருத்துக்குப் போர்வையாம். எல்லாம் உண்மை. ஆனால் பார்வைக்கு? கல், கல்லின் மேல் பனி, பனிக்கு மேல் குச்சி.

எங்கள் சங்கத் தலைவர் சுவிஸ்காரர், முன்னாள் ரயில்வேக்காரர். வேலி எத்தனை சென்ரிமீற்றர், கொட்டில் எத்தனை சென்ரிமீற்றர் என்று சட்டைப்பையில் அளவு நாடாவோடு திரியும் நீதிமான். பெப்ரவரியில் பதினேழைப் பார்த்தார். நின்றார். நாடாவை எடுத்தார், எதை அளப்பது என்று தெரியாமல் திரும்ப வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். வருகிற செப்டம்பர் பார்வையிடலின்போது பதினேழாம் துண்டு நன்கு பேணப்பட்ட தோட்டமாகக் காணப்படாவிட்டால், ஒப்பந்தம் அத்தோடு முடியும்.

அக்காவிடம் அதை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்து நாலாக மடித்து ஏப்ரன் பைக்குள் வைத்தார்.

"நீயோ எழுதினது?"

"ஓம் அக்கா. என்ரை வேலை அக்கா அது."

"வடிவான ஜேர்மன்." பையை ஒருமுறை தட்டினார். "செப்டம்பரிலைதானே பூக்கும். வந்து பாக்கட்டும்."

அந்த வசந்தத்தில் நத்தைகள் வந்தன. ஓடில்லாத, செம்மண் நிறத்து, விரல் தடித்த நத்தைகள். மலை ஆஸ்டரின் இளம் குருத்து அவற்றுக்கு அல்வா. காலைப் பணிக்குப் போகமுதல் அக்கா வந்து சமையலறை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். மற்றவர்கள் கத்திரிக்கோலால் வெட்டுவார்கள். ஆனால் அது தவக்காலம். மன்னாரில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர் அவர். நாற்பது நாளும் இறைச்சி இல்லை, சண்டை இல்லை, கொலையும் இல்லை. ஆகவே நத்தைகளை ஐஸ்கிறீம் டப்பாவில் போட்டு, பஸ் ஏறி, நகரத்தின் மறு கோடியிலிருக்கும் காட்டோரம் கொண்டுபோய் விடுவார்.

ஒருநாள் அதே பஸ்ஸில் நானும் இருந்தேன். ஒரு திருப்பத்தில் டப்பா சரிந்து மூடி கழன்றது. நாலாம் தரிப்பு வரமுதல் ஒரு நத்தை ஜன்னலில் பாதி உயரம் ஏறிவிட்டது. எதிரே இருந்த கோட்டுப் போட்ட மனிதர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவற்றுக்கு டிக்கெட் இருக்கிறதா?" என்று கேட்டார். அக்கா இடுக்கியை எடுத்தபடி, தன் சமையலறை ஜேர்மனில் அமைதியாகச் சொன்னார்: "ஆறு வயதுக்கு உட்பட்டோருக்கு இலவசம்."

உயிர்த்த ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை காலை அக்கா கத்திரிக்கோலோடு வந்தார். அதைப் பற்றி எழுதுவதற்கில்லை.

யூலையில் அவருடைய தம்பியின் மகளுக்கு மன்னாரில் கலியாணம். ஐந்து கிழமைப் பயணம். தோட்டத்தை என்னிடம் ஒப்படைத்தார். நான் கொப்பியும் பேனையுமாகப் போய் உட்கார்ந்தேன்.

"சொல்லுங்கோ அக்கா. ஒவ்வொண்டாய் எழுதுறன்."

"ஒண்டும் செய்யாதை."

"சரி. ரெண்டாவது?"

"ரெண்டாவது இல்லை."

கிழமையில் மூன்று தரம், வேலை முடிந்து போய், திட்டமிட்டபடி ஒன்றும் செய்யாமல் வந்தேன். வெறுமனே நிற்க முடியாததால் உயரம் மட்டும் அளந்தேன். முதல் கிழமை நாலு சென்ரிமீற்றர் கூடியிருந்தது. இரண்டாம் கிழமை ஒன்பது. எனக்கு உள்ளூரப் பெருமை. எதுவும் செய்யாமலே என் கையால் இப்படி வளருகிறதே! வரைபு கீறி, கோட்டுக்கு ஊதா நிறம்கூடத் தீட்டினேன்.

மண் பரிசோதிப்பதற்குச் சம்பளம் வாங்குகிற நான், குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். கடித விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது. அக்காவின் துண்டு பறிபோகப் போகிறது என்றதும் எங்கள் ஆட்களுக்கு மனம் கேட்கவில்லை. அக்கா இங்கே இல்லாத நேரம் பார்த்து இந்தச் செடிகளைத் தேற்றிவிட வேண்டும். சுவிஸ்காரர் என்றால் சங்கத்துக்கு மனு எழுதியிருப்பார்கள். நாங்கள் சாப்பாடு போட்டோம். செல்வம் அண்ணை மாட்டெரு கொண்டுவந்தார். ராணி அன்ரி மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினார். ராணி அன்ரியின் கணவர், முழு வருடத்தில் பத்துச் சொல் பேசாத மனிதர், மனைவிக்கும் தெரியாமல், தொட்டால் அரிக்கும் சுணைச்செடியை ஊறவைத்த உரத்தண்ணீர் கரைத்து விட்டார். மூவரும் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் சொல்லாமல், தான் ஒருவரே இந்த இரகசியப் புண்ணியத்தைச் செய்வதாக நினைத்துக்கொண்டு.

ஓகஸ்ட் நடுப்பகுதியில் அக்கா விமானத்தால் இறங்கி, பெட்டியை வீட்டில் போட்டுவிட்டு நேரே தோட்டத்துக்கு வந்தார். நான் வரைபை நீட்டத் தயாராக நின்றேன்.

செடிகள் இடுப்பளவு உயர்ந்திருந்தன. உயர்ந்து, தம் பாரம் தாங்காமல் நாலு பக்கமும் விழுந்து கிடந்தன. இலைகள் கீரை போலக் கொழுத்து, மேலே வெள்ளைப் பூஞ்சணம் மா தூவினது போல் பிடித்திருந்தது. அடியில் நத்தைகள் குடும்பம் குடும்பமாக இருந்தன. தேடினாலும் ஒரு மொட்டு இல்லை.

அக்கா கத்தவில்லை. கத்தியிருக்கலாம். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தார். கொட்டிலுக்குள் போய்க் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டு, அவர் வந்ததறிந்து கதவுக்கு வெளியே கூடி நின்றவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனக் கூண்டு தோற்றது. பலகை மெல்லியது, எல்லாம் எல்லோருக்கும் கேட்டது.

"செல்வம். மாட்டெரு. எத்தினை தரம்?"

"ரெண்டு தரம் அக்கா."

"செல்வம்."

"கிழமைக்கு ரெண்டு தரம் அக்கா."

அடுத்தது ராணி அன்ரி. "நான் சைவமக்கா, எனக்கு உந்தப் பாவசங்கீர்த்தனம் ஒண்டும் தெரியாது."

"பாரை மீன் தண்ணி ஊத்தேக்கை சைவம் எங்கை போனது?"

"பாரை இல்லையக்கா, விளைமீன்." பிறகு அழுகை. "பாவமெல்லே அக்கா, வாயில்லாத சீவன், கல்லுக்கை கிடந்து காயுதே எண்டு..."

மூன்றாவதாக ராணி அன்ரியின் கணவர் தானாகவே போய் நின்று, "நானும்" என்றார். ராணி அன்ரி அழுகையை நிறுத்தி, கணவரை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் காண்பவர் போலப் பார்த்தார்.

கடைசியாக நான் போனேன். வரைபைக் காட்டினேன். ஊதாக் கோடு செங்குத்தாக ஏறியிருந்தது. அக்கா அதைப் பார்த்தார்.

"நீ மண் படிச்ச பிள்ளை" என்றார். அவ்வளவுதான். கையின் மேல் ஊற்றிய குழம்பின் சூடு அந்தச் சொல்லுக்குமுன் ஒன்றுமேயில்லை.

பார்வையிடலுக்கு நாலு கிழமை இருந்தது. எருப் பிடித்த மேற்சரளையைச் சுரண்டி எடுத்தோம். தண்ணீரை அடியோடு நிறுத்தினோம். விழுந்த தண்டுகளுக்குச் சுள்ளி ஊன்றினோம். செப்டம்பரில் தலைவர் குழு உறுப்பினர் இருவரோடும் நாடாவோடும் வந்தபோது, ஊன்றுகோல் பிடித்த நோயாளிகள் போலச் செடிகள் நின்றன. ஏழோ எட்டோ மொட்டு. ஒன்றுகூட விரியவில்லை. நான் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தேன்.

தலைவர் வாயைத் திறக்கமுதல் செல்வம் அண்ணை முன்னால் வந்தார். அவருடைய ஜேர்மனில் பெயர்ச்சொற்கள் மட்டுமே உண்டு. நெஞ்சில் கை வைத்து, "நான் மாடு" என்றார்.

ராணி அன்ரி பக்கத்தில் வந்து நின்றார். "நான் மீன்."

தலைவர் என்னைப் பார்த்தார். ராணி அன்ரியின் கணவர் மொழி உதவாததால் சுணைச்செடி ஒன்றைப் பிடுங்கி உயர்த்திக் காட்டினார். கை அரித்திருக்கும். இறக்கவில்லை.

நான் எல்லாவற்றையும் மொழிபெயர்த்துச் சொன்னேன், என் வரைபு உட்பட. தலைவர் அக்காவின் பக்கம் திரும்பினார். "இவர்கள்தான் உங்கள் செடிகளைக் கெடுத்தார்களா?"

அக்கா ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், குற்றம் கைமாறியிருக்கும். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"கெடுக்கவில்லை. சாப்பாடு போட்டார்கள். அது குற்றமில்லை. துண்டு என்னுடையது, பொறுப்பும் என்னுடையது."

தலைவர் நாடாவைச் சட்டைப்பைக்குள் வைத்தார். தன் காலத்தில் எத்தனையோ பேர் பக்கத்துத் துண்டுக்காரரைப் பற்றி முறையிட்டு வந்திருக்கிறார்கள், தன்னைத்தானே முறையிட்டுக்கொண்டு ஒருவரும் வந்ததில்லை என்றார். பிறகு குரலைக் கடுமையாக்கிக்கொண்டு சொன்னார்: "ஒரு வருடம். அடுத்த செப்டம்பரில் இந்தச் செடிகள் ஊன்றுகோல் இல்லாமல் நிற்க வேண்டும். பூக்க வேண்டும். இல்லாவிட்டால் முடிந்தது."

அடுத்த ஏப்ரலில் நான் கண்டதை இன்னும் ஆச்சரியத்தோடுதான் நினைக்கிறேன். அக்கா எல்லாச் செடிகளையும் கிளப்பினார். வேரில் ஒட்டிய கொழுத்த மண்ணைக் குழந்தையின் தலை கழுவுவதுபோலக் கழுவினார். பாண் வெட்டும் கத்தியால் ஒவ்வொரு பற்றையையும் பிரித்தார். நடுவில் கிழடு தட்டிய பகுதியை எறிந்துவிட்டு, ஓரத்தில் குருத்தும் வேருமாக இருந்தவற்றை மட்டும் எடுத்தார். தயங்கவில்லை, ஒரு வெட்டைக்கூடத் திருப்பி வெட்டவில்லை. பன்னிரண்டு பற்றை முப்பதாகியது. புதுச் சரளை தள்ளுவது எங்கள் நாலு பேரின் பிராயச்சித்தம். செல்வம் அண்ணை தள்ளிய வண்டிகளை நான் எண்ணினேன். நாற்பத்தொன்று. அன்றைக்கு அக்கா வேலி தாண்டிய பூசணிக்கொடியைப் பற்றி எதுவும் பேசவில்லை.

அதைவிடக் கடினம் கோடை. கொதிக்கிற யூலையில் பதினேழைத் தாண்டிப் போகும்போது ராணி அன்ரி தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு போவார்.

"அக்கா, ஒரு சொட்டு? அரைச் சொட்டு?"

"ராணி, அங்காலை போ."

"பாக்கேலாமல் கிடக்கக்கா."

"பாக்காதை."

செப்டம்பரில், பார்வையிடலுக்கு முதல் நாள், தெற்கிலிருந்து 'ஃபோன்' எனப்படும் மலைக்காற்று வீசியது. கூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மலையிலிருந்து சூடாக இறங்கி, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போகும் காற்று அது. மதியத்திலிருந்து பின்னேரம்வரை ஆடியது. மறுநாள் காலை நான் தோட்டத்துக்கு ஓடினேன். அவரைப் பந்தல்கள் விழுந்து கிடந்தன. செல்வம் அண்ணையின் தக்காளிக் கூடாரம் ரயில் பாதை வேலியில் தொங்கியது. உரம் தின்று ஆளுயரம் வளர்ந்த தலைவரின் டாலியாக்கள் எல்லாம் கழுத்து முறிந்து நிலத்தில் கிடந்தன.

பதினேழாம் துண்டுக்கு வந்து நின்றேன்.

முப்பது பற்றைகளும் நின்றன. முழங்கால் உயரம்தான். ஒவ்வொரு தண்டும் கம்பி போல விறைத்து, மேலே ஊதாப் பூக்கள் நெருக்கியடித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு மஞ்சள் வட்டம். பின்னால் ஊசி இலைக்காரனின் பொன் மஞ்சள். காற்று இன்னும் மிச்சமிருந்தது. அது தொட்டபோது முழு ஊதாவும் ஒருமித்துச் சாய்ந்து, ஒருமித்து நிமிர்ந்தது. சுற்றியுள்ள முப்பத்தொன்பது துண்டுகளிலும் பூ இல்லாததால், அந்தப் பக்கத்துத் தேனீ எல்லாம் அங்கேதான். கல்லுக்குள்ளிருந்து ஒரு ரீங்காரம் எழும்பியது. எந்தப் பட்டியலிலும் என்னால் அதை அடக்க முடியவில்லை. பேனையை மூடி வைத்துவிட்டுப் பார்த்தேன்.

அக்கா முன்பே வந்திருந்தார். மதியச் சமையலுக்கு உரித்த உள்ளிப்பூண்டு மணக்கும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ராணி அன்ரி வந்து அழுதார். கணவர் "வடிவு" என்றார். அது அவருடைய அந்த வருடத்துப் பதினோராவது சொல்லாக இருக்கலாம்.

தலைவர் முறிந்த டாலியா ஒன்றைக் கையில் பிடித்தபடியே வந்தார். வெகுநேரம் நின்றார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

"என்ன உரம் போட்டீர்கள்?"

"ஒன்றும் இல்லை" என்றார் அக்கா.

தலைவர் தலையை ஆட்டிவிட்டு, என்னைப் பார்த்து எழுதும்படி கையைக் காட்டினார்.

பார்வையிடல் படிவத்தில் ஒரு துண்டுக்கு இரண்டு கட்டம். ஒழுங்கு, ஒழுங்கில்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு விரற்கடை இடம், கொட்டில் ஒழுகுகிறது, வேலி உயரம் கூடியது என்று குறைகளை எழுதுவதற்கு. குறிப்பாளர் தன் சொந்த அபிப்பிராயத்தை எங்கும் எழுதக்கூடாது என்பது சங்கத்து விதி. விதியை எழுதியவர் அந்தத் தலைவர்தான். நான் "ஒழுங்கு" என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். பக்கத்து இடத்தில், நான் இதுவரை கண்ட பெண்களில் என்னை மிகவும் வியக்க வைத்தவர் இந்தத் துண்டுக்காரர் என்று, இடம் போதாமல் எழுத்தைக் குறுக்கிக் குறுக்கி எழுதினேன். தலைவர் படிவத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். என்னை ஒருமுறை பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

அக்கா கண்ணாடியை வேலையிடத்தில் விட்டுவிட்டு வந்திருந்தார். என் தோளுக்கு மேலால் எட்டி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"உவ்வளவு நீளமாய் என்ன பிள்ளை எழுதியிருக்கிறாய்?"

"வேலி அளவு அக்கா" என்றேன். நான் அவருக்குச் சொன்ன ஒரே பொய் அது.